பையனோட புதுநன்மையும் தாத்தா சொன்ன திரைச்சீலையும்: ஆசாரியன் இன்னும் வேணுமா?

வாசகி கேள்வி: டீச்சர், நான் திருநெல்வேலி பக்கம் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட்) குடும்பம், வீட்டுக்காரர் ஆர்சி (ரோமன் கத்தோலிக்கம்). கல்யாணம் அவங்க கோவில்லதான் நடந்துச்சு, ஆனா நான் மாறல. பையனுக்கு 9 வயசு, அடுத்த மாசம் புதுநன்மை (முதல் தடவையா நற்கருணை அப்பம் வாங்குறது), அதுக்கு முன்னாடி ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் (பாவத்தைச் சொல்லி மன்னிப்பு கேக்குறது) பண்ணணும்னு கிளாஸ் நடக்குது. எங்கப்பா போன்ல பேரன்கிட்ட "ஆலயத்துத் திரைச்சீலை கிழிஞ்சாச்சுடா, இனி ஆசாரியனே கிடையாது, இயேசப்பாகிட்ட நேரா சொல்லு"ன்னுட்டார். மாமியார் "ஆரோன் காலத்துல இருந்தே குரு உண்டு, நீயும் அன்னைக்கு பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு நன்மை வாங்கு"ங்கறாங்க. பையன் "யாரும்மா சொல்றது கரெக்ட்?"னு கேக்குறான். எனக்கே தெரியல, அவனுக்கு என்ன சொல்ல?

பதில்:

அன்பான தங்கச்சிக்கு,

உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேம்மா. 9 வயசுல இப்படி கேக்குற பிள்ளைகிட்ட "அது பெரியவங்க விஷயம்"னு மட்டும் சொல்லிடாதீங்க, அவன் கேட்டது ரெண்டாயிரம் வருஷமா பெரிய பெரிய ஆளுங்க கேட்ட கேள்வி. உங்க அப்பா சொல்றதுல பாதி சரி, மாமியார் சொல்றதுல பாதி சரி. வீட்டுல சமாதானம் இருக்கட்டும்னு இதை நான் சொல்லல, 22 வருஷம் இறையியல் கல்லூரியில பழைய ஏற்பாடும் எபிரெயமும் சொல்லிக்கொடுத்தவளா சொல்றேன், கொஞ்சம் நீளமா வரும், பொறுமையா படிங்க.

சண்டையில பாதி வார்த்தையாலேயே வருது. அப்பா பைபிள்ல "ஆசாரியன்"னு இருக்கும், மாமியாரோட திருவிவிலியத்துல அதே இடத்துல "குரு"ன்னு இருக்கும். ரெண்டுக்கும் பின்னாடி இருக்கிறது ஒரே எபிரெய வார்த்தை, கோஹேன். கிரேக்கத்துல அது ஹியரேயுஸ். ஆனா புதிய ஏற்பாட்டுல சபையை நடத்துறவங்களுக்கு வர்றது வேற வார்த்தை, பிரஸ்புத்தெரோஸ், அதாவது மூத்தவர், மூப்பர். யாக்கோபு 5ல நோயாளி யாரைக் கூப்பிடணும்னு எடுத்துப் பாருங்க, ரெண்டு பைபிள்லயும் மூப்பர்னுதான் போட்டிருக்கும். இங்கிலீஷ்ல இன்னும் சிக்கல், "ப்ரீஸ்ட்"ங்கற சொல்லே இந்த பிரஸ்புத்தெரோஸ் தேய்ஞ்சு வந்ததுதான், ஆனா மோசேயோட அண்ணன், முதல் பிரதான ஆசாரியன் ஆரோனுக்கும் அதே சொல்லைப் போட்டுட்டாங்க. அதனால மாமியார் "குரு"ன்னு சொல்லும்போது ஆரோன்ல ஆரம்பிச்சு உங்க பங்கு ஃபாதர் வரைக்கும் ஒரே கயிறு மாதிரி அவங்களுக்குத் தெரியுது, அப்பா "ஆசாரியன்"னு சொல்லும்போது எருசலேம் ஆலயத்தோட முடிஞ்சுபோன ஒரு ஆளு அவர் கண்ணு முன்னாடி நிக்கிறார். ரெண்டு பேரும் ஒரே ஆளைப் பத்தி பேசவே இல்லம்மா.

சரி, அந்த கோஹேன் என்ன பண்ணினார்னு பாப்போம், ஏன்னா நம்ம சபைகள்ல இதை யாரும் சரியா சொல்லிக்கொடுக்கிறதில்ல, ஆடு வெட்டுற ஆளுன்னு மட்டும் நினைச்சிட்டு இருக்கோம். லேவியராகமம் 1ஐ நிதானமா வாசிங்க, பலி கொண்டு வர்றவன்தான் மிருகத்தோட தலையில கை வைக்கிறான், அவனேதான் அதை அறுக்கிறான். ரத்தத்தை எடுத்து பலிபீடத்துக்கு கொண்டு போறதுதான் ஆசாரியனோட வேலை. அஞ்சாம் அதிகாரத்துல இன்னும் தெளிவா இருக்கு, தப்பு பண்ணினவன் "நான் இன்ன பாவம் செஞ்சேன்"னு தானே வாயால அறிக்கை பண்ணணும், அப்புறம் பலி, அப்புறம் ஆசாரியன் அவனுக்காக நிவிர்த்தி (பாவம் தீர்க்கிற சடங்கு) செய்வான். பாவம் பண்ணினவனோட வேலையை ஆசாரியன் செய்ய முடியாது, அவனா எட்ட முடியாத இடத்துக்கு அவனுக்காகப் போறது ஒண்ணுதான் அவரோட பங்கு.

பலி தவிர வேற வேலைகளும் உண்டு. தோல் வியாதி வந்தவனைப் பார்த்து தள்ளி வைக்கிறதும், குணமாயிட்டான்னு பார்த்து திரும்ப ஊருக்குள்ள சேர்க்கிறதும் ஆசாரியன்தான், மாற்கு 1ல இயேசு ஒரு குஷ்டரோகியைக் குணமாக்கிட்டு "போய் ஆசாரியனுக்குக் காட்டு"ன்னு அனுப்புறது இதுக்காகத்தான். வேதத்தைச் சொல்லிக்கொடுக்கிறதும் அவங்க வேலை, மல்கியா 2ல கடவுள் ஆசாரியர்களைத் திட்டுறதே அந்த போதனையைக் கெடுத்ததுக்காகத்தான். நிலம் கிடையாது அவங்களுக்கு. எல்லா கோத்திரத்துக்கும் பங்கு பிரிச்சுக் கொடுத்தப்போ ஆரோன்கிட்ட "நானே உன் பங்கு"ன்னு சொல்லிட்டார் கடவுள், எண்ணாகமம் 18ல இருக்கு, அதனால ஜனங்க கொண்டு வந்து கொடுக்கிறதுலதான் அவங்க சாப்பாடு.

என் மனசை விட்டுப் போகாத ரெண்டு விஷயத்தை மட்டும் கொஞ்சம் நின்னு சொல்றேன். ஒண்ணு அவரோட உடை. பிரதான ஆசாரியனோட மார்பதக்கத்துல 12 கல்லு, ஒவ்வொண்ணுலயும் ஒரு கோத்திரத்தோட பேரு, போதாததுக்கு ரெண்டு தோள்லயும் ஒவ்வொரு கல்லு, அதுல ஆறு ஆறு பேரா அதே பேருங்க. பரிசுத்த ஸ்தலத்துக்குள்ள போகும்போது இந்தப் பேரையெல்லாம் தன் நெஞ்சுமேல சுமந்துட்டுப் போகணும்னு யாத்திராகமம் 28 சொல்லுது (மாமியார் பைபிள்ல விடுதலைப் பயணம்). அதாவது உள்ள போறது ஒரு ஆளு இல்ல, மொத்த ஜனமும் அந்த ஆளோட நெஞ்சுல ஏறி உள்ள போகுது. கல்லூரியில இதைச் சொல்லிக்கொடுத்த ஒவ்வொரு வருஷமும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ரெண்டாவது, அவங்களை அபிஷேகம் பண்ற விதம். லேவியராகமம் 8ல ஆட்டுக்கடா ரத்தத்தை எடுத்து ஆரோனோட வலது காது மடல்லயும் வலது கை பெருவிரல்லயும் வலது கால் பெருவிரல்லயும் மோசே பூசுறார். அப்படியே ஆறு அதிகாரம் தள்ளி 14க்குப் போங்க, குணமான குஷ்டரோகியை ஊருக்குள்ள திரும்பச் சேர்க்கும்போது அவனுக்கும் அதே வலது காது, அதே பெருவிரல்கள். ஊருக்கு வெளியில தள்ளப்பட்டவனுக்கும் பிரதான ஆசாரியனுக்கும் ஒரே சடங்கு! உயர்ந்த மனுஷன்கிறதால ஒருத்தர் ஆசாரியன் ஆகலம்மா, அவரையும் யாரோ கைபிடிச்சுத்தான் உள்ள சேர்த்தாங்க, இதை மறந்த இடத்துலதான் எல்லாக் கேடும் ஆரம்பிச்சுது.

கேடு நிறையவே நடந்துச்சு, அதை மறைக்க வேண்டியதில்ல. அபிஷேகம் முடிஞ்ச கையோட ஆரோனோட ரெண்டு பசங்க, நாதாப், அபியூ, அந்நிய அக்கினி கொண்டு போய் செத்தாங்க. வருஷத்துக்கு ஒரு நாள், ஏழாம் மாசம் பத்தாம் தேதி, பாவநிவிர்த்தி நாள்ல, திரைச்சீலைக்கு உள்பக்கம் இருக்கிற மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள்ள போற பிரதான ஆசாரியன், அன்னைக்கு தங்க வேலைப்பாடு உள்ள உடையெல்லாம் கழட்டிட்டு வெறும் சணல்நூல் உடையில, முதல்ல தன் சொந்தப் பாவத்துக்கு ஒரு காளையைப் பலி கொடுத்துட்டுத்தான் ஜனங்களுக்காக நிக்கலாம். பின்னாடி வந்த காலத்துல அந்தப் பதவியே விலைக்குப் போச்சு, கி.மு. 175ல யாசோன்கிறவர் சிரியா ராஜாவுக்குப் பணம் கொடுத்து அதை வாங்கினார், மூணு வருஷத்துல இன்னொருத்தர் அவரை விட அதிகமா கொடுத்துப் பிடுங்கிட்டார். ஏரோது காலத்துல இருந்து கி.பி. 70ல ஆலயம் எரிஞ்சது வரைக்கும் 28 பேர் பிரதான ஆசாரியரா இருந்தாங்கன்னு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் கணக்கு சொல்றார், ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பதவி அது. சில காலம் அந்தப் பரிசுத்த உடையையே ரோமர்கள் கோட்டைக்குள்ள வச்சுப் பூட்டி பண்டிகைக்கு மட்டும் எடுத்துக் கொடுத்தாங்க. இயேசுவை விசாரிச்ச காய்பா கி.பி. 18ல இருந்து 36 வரைக்கும் அந்தப் பதவியில இருந்தவர், அந்தக் காலத்துக்கு அது ரொம்ப நீளம். உங்க அப்பாவுக்கு "ஆசாரியன்"னு சொன்னதுமே கசப்பு வருதுன்னா அதுல நியாயம் இல்லாம இல்ல, சுவிசேஷத்துல அவர் அதிகம் பார்த்தது இந்தக் கூட்டத்தைத்தான்.

ஆனா அதே சுவிசேஷத்துல யோவான் ஸ்நானகனோட அப்பா சகரியாவும் இருக்கார். ஆசாரியர்கள் 24 வகுப்பா பிரிஞ்சு முறை வச்சு வேலை செஞ்சாங்க, அதுல அபியா வகுப்பைச் சேர்ந்த வயசானவர், சீட்டுப் போட்டதுல தூபம் காட்டுற வாய்ப்பு அவருக்கு விழுது. உள்ள போனவர் ஊமையா வெளிய வர்றார், ஜனங்க காத்துட்டு நிக்கிறாங்க. தூபம் முடிஞ்சா ஆசாரியர்கள் வெளிய வந்து கையை உயர்த்தி ஜனங்களை ஆசீர்வதிக்கிறது ஆலய முறை, யூதர்களோட பழைய சட்டத் தொகுப்பு மிஷ்னாவுல எழுதியிருக்கு. அன்னைக்கு சகரியா வாயில வார்த்தை இல்ல. லூக்கா தன் புத்தகத்தை இங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கிறார் பாருங்க, 24ம் அதிகாரக் கடைசியில உயிர்த்த இயேசு பெத்தானியா பக்கம் கூட்டிட்டுப் போய் கையை உயர்த்தி ஆசீர்வதிக்கிறார். முதல் அதிகாரத்துல நின்னுபோன ஆசீர்வாதம் கடைசி அதிகாரத்துல கிடைக்குதுன்னு எனக்குத் தோணும்.

இப்போ அப்பா சொன்ன திரைச்சீலைக்கு வருவோம். இயேசு இறந்தப்போ மகா பரிசுத்த ஸ்தலத்தை மறைச்ச திரை கிழிஞ்சுதுன்னு சுவிசேஷம் சொல்லுது, அப்பா சொல்ற அர்த்தம் புதிய ஏற்பாட்டு எபிரெயர் நிருபத்துல இருந்து வருது. அந்த நிருபத்தை எழுதினவருக்கு ஒரு பெரிய தடை இருந்துச்சு, இயேசு யூதா கோத்திரம், ஆசாரியர்கள் வர்ற லேவி கோத்திரம் இல்ல, மோசே சட்டப்படி அவர் ஆலயத்துல விளக்குகூட ஏத்த முடியாது. அதை அவர் ஒளிக்கல, 7ம் அதிகாரத்துல வெளிப்படையாவே சொல்றார். அப்புறம் ஆரோனுக்கும் முந்தி, ஆபிரகாம் காலத்துக்குப் போறார், அங்க சாலேமின் ராஜாவா, உன்னதமான தேவனோட ஆசாரியனா மெல்கிசேதேக்குன்னு ஒருத்தர் அப்பமும் திராட்சரசமும் கொண்டு வந்து ஆபிரகாமை ஆசீர்வதிக்கிறார், ஆபிரகாம் அவருக்கு தசமபாகம் கொடுக்கிறார். அப்பா பேரு, அம்மா பேரு, வம்சம் எதுவும் சொல்லாம வந்துட்டுப் போற ஆளு. சங்கீதம் 110 அவரைத் திரும்ப ஞாபகப்படுத்துது, "மெல்கிசேதேக்கின் முறைமைப்படி என்றென்றைக்கும்"னு. வம்சத்தால வராத, சாவால முடியாத ஒரு ஆசாரியத்துவம் யூத வேதத்துக்குள்ளயே இருந்துச்சுன்னு காட்டுறார். பத்தாம் அதிகாரத்துல ஒரு சின்ன வித்தியாசம், மத்த ஆசாரியர்கள் தினமும் நின்னுட்டே இருக்காங்க, இவர் ஒரே பலி செலுத்திட்டு உட்கார்ந்துட்டார். வேலை முடிஞ்சவர்தானே உட்காருவார். திரை வழியா தைரியமா உள்ள போகலாம்னு அங்கதான் வருது. அப்பா சொன்ன பாதி இதுதான், அது ரொம்பச் சரியான பாதி, அதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீங்க.

கி.பி. 70ல ஆலயம் போனதும் யூதர்களுக்கும் இதே கேள்விதான் வந்துச்சு, பலிபீடம் இல்லாம எப்படி வாழ்றது? யவ்னே ஊர்ல கூடின ரபீமார் ஜெபம், வேதப் படிப்பு, இரக்கச் செயல்னு அதைக் கொண்டு போனாங்க. ரபீன்னா ஆசாரியன் இல்ல, போதகர். ஆனா கோஹேன் வம்சம் இன்னைக்கும் இருக்கு, ஜெப ஆலயத்துல தோரா (மோசேயோட வேதம்) வாசிக்க முதல்ல அவங்களைத்தான் கூப்பிடுறாங்க, பண்டிகை நாள்ல செருப்பைக் கழட்டிட்டு, லேவியர்கள் கைக்குத் தண்ணி ஊத்த, சால்வையைத் தலைமேல இழுத்துவிட்டு விரல்களை விரிச்சு எண்ணாகமம் 6ல உள்ள ஆசீர்வாதத்தைச் சொல்றாங்க. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஸ்தோத்திரம் சொல்வாங்க, "தம்முடைய ஜனமான இஸ்ரவேலை அன்போடு ஆசீர்வதிக்கும்படி கட்டளையிட்டவர்"னு. அன்பு இல்லாம அதைச் சொல்லக்கூடாது, அது அந்த ஸ்தோத்திரத்துலயே இருக்கு.

அந்த ஆசீர்வாத வார்த்தைகள் 1979ல எருசலேம் பழைய நகரத்துக்கு வெளிய கெத்தேஃப் இன்னோம்ங்கற இடத்துல ஒரு கல்லறைக் குகையில கிடைச்சுது, சுருட்டின ரெண்டு சின்ன வெள்ளித் தகட்டுல கீறி எழுதினது, தொல்லியலாளர் கேப்ரியல் பார்க்காய் எடுத்தது, சாலொமோன் ஆலயம் இடியுறதுக்கு கொஞ்ச காலம் முந்தினதுன்னு பெரும்பாலானவங்க ஒத்துக்கிறாங்க. இன்னைக்கு நம்ம கையில உள்ள பைபிள் வார்த்தைகள்லயே ரொம்பப் பழைய எழுத்து அதுதான். பெரிய தகடே பிரிச்சா சுமார் 10 சென்டிமீட்டர்தான், யாரோ கழுத்துல கட்டியிருந்திருக்கணும். "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து உன்னைக் காக்கக்கடவர்." அந்தப் பகுதியோட கடைசி வசனத்தை மட்டும் கவனிங்க, ஆசாரியர்கள் என் நாமத்தை ஜனங்கமேல சொல்லட்டும், அப்போ *நான்* அவங்களை ஆசீர்வதிப்பேன்னு கடவுள் சொல்றார். வாய் ஆசாரியனோடது, கொடுக்கிறவர் கடவுள். இந்த ஒரு வசனத்தைப் பிடிச்சுக்கிட்டா உங்க வீட்டுச் சண்டையில பாதி இறங்கிடும்.

மாமியார் கேள்விக்கு வர்றேன், கிறிஸ்தவ சபைக்குள்ள குருங்கற சொல் எப்ப வந்துச்சு? புதிய ஏற்பாட்டுல எந்த அப்போஸ்தலரையும் எந்த மூப்பரையும் ஹியரேயுஸ்னு கூப்பிடல, இத்தனைக்கும் அப்போஸ்தலர் 6ல யூத ஆசாரியர்களே நிறைய பேர் விசுவாசிச்சு சேர்ந்தாங்க. மொத்த ஜனத்தைத்தான் ராஜரீக ஆசாரியக்கூட்டம்னு பேதுரு சொல்றார், அதுவும் சீனாய் மலையில இஸ்ரவேலுக்குச் சொன்ன அதே வார்த்தை. மூப்பர் முறையும் யூதர்கள்கிட்ட இருந்து வந்ததுதான், மோசேயோட 70 மூப்பர், ஊர் மூப்பர், ஜெப ஆலயத்து மூப்பர்னு. ஆனா ஆரோனோட நிழல் சீக்கிரமே விழ ஆரம்பிச்சுது. முதல் நூற்றாண்டுக் கடைசியில ரோமாபுரி சபைத் தலைவர் கிளெமெந்து கொரிந்து சபைக்கு எழுதும்போது பிரதான ஆசாரியன், ஆசாரியன், லேவியன், சாதாரண ஜனம்னு ஆலய ஒழுங்கை உதாரணமா காட்டுறார். திதக்கேங்கற பழைய சபை ஒழுங்குல தீர்க்கதரிசிகளுக்கு முதற்பலன் கொடுங்க, அவங்கதான் உங்க பிரதான ஆசாரியர்னு வருது. கி.பி. 200 வாக்குல வட ஆப்பிரிக்காவுல கார்த்தேஜ் ஊர் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் பிஷப்பை பிரதான ஆசாரியர்னு சொல்றார், அதே மனுஷன் இன்னொரு இடத்துல "சாதாரண ஜனங்களான நாமும் ஆசாரியர்கள் இல்லையா?"ன்னும் கேக்குறார். அரை நூற்றாண்டு கழிச்சு அதே ஊர் பிஷப் சிப்ரியன், நற்கருணை செலுத்துற குரு கிறிஸ்துவோட இடத்துல நின்னு செய்யறார்னு எழுதிட்டார். பலின்னு ஒண்ணைப் பேசினா அதைச் செலுத்துறவருக்கு அந்தப் பேரு வந்து ஒட்டிக்கும், அப்படித்தான் வந்துச்சு. இதை யாரோ திருட்டுத்தனமா நுழைச்சதா நம்ம பக்கத்துல சிலர் சொல்றது தப்பு, ஆரோன்ல இருந்து அறுபடாம வந்ததுன்னு சொல்றதும் வரலாற்றுப்படி நிக்காது.

1520ல புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தை ஆரம்பிச்ச லூத்தர் எல்லா ஞானஸ்நானம் பெற்றவங்களும் ஆசாரியர்தான்னு எழுதினார், 1563ல கத்தோலிக்க பிஷப்புகள் கூடின திரெந்து சங்கம் "இல்ல, குருத்துவம் தனி அருட்சாதனம் (கடவுளோட அருளைத் தர்ற சடங்கு)"னு பதில் சொல்லுச்சு, 400 வருஷம் ரெண்டு பக்கமும் அதையே பிடிச்சுட்டு நின்னுது. 1964ல ரெண்டாம் வத்திக்கான் சங்கம் மக்கள் எல்லாருக்கும் பொதுக் குருத்துவம் உண்டுன்னு தெளிவா சொல்லி, பணிக் குருத்துவம் அதுல இருந்து அளவுல மட்டும் இல்ல, தன்மையிலேயே வேறன்னும் சொல்லுச்சு. அந்தக் கடைசி வரியில எனக்கு உடன்பாடு இல்ல, நான் வளர்ந்ததும் உங்க அப்பா பக்கத்து சபைதான். ஆனா அவங்க மறைக்கல்வி நூலே இடைக்கால இறையியலாளர் அக்குவினாஸ் தோமாவைக் காட்டி கிறிஸ்து ஒருத்தரே உண்மையான குரு, மத்தவங்க அவரோட பணியாளர்னு சொல்லுது, அதை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டுங்க. நம்ம பக்கமும் ஒண்ணு, 1947ல சிஎஸ்ஐ உண்டானப்போ பிரஸ்பிட்டர்ங்கற பேரைத்தான் எடுத்தாங்க, ஆனா நம்ம ஊர்ல குருவானவர்னுதானே கூப்பிடுறோம்!

பாவசங்கீர்த்தனம் தனி விஷயம். குருவோட காதுல தனியா, திரும்பத் திரும்பப் போய் சொல்ற முறை ஆரோன் காலத்துது இல்ல, ஆரம்பச் சபையில பெரிய பாவத்துக்கு எல்லார் முன்னாடியும் தண்டனை இருந்துச்சு, தனியா சொல்ற முறையை ஆறு ஏழாம் நூற்றாண்டுல அயர்லாந்து துறவிகள் பரப்பினாங்க, வருஷத்துக்கு ஒரு தடவையாவதுங்கற சட்டம் 1215ல நாலாம் லாத்தரன் சங்கத்துல வந்துச்சு. ஆனா பாவத்தை வாய்விட்டுச் சொல்லணும்ங்கறது லேவியராகமம் அளவுக்குப் பழசு. இன்னைக்கு ஃபாதர் சொல்ற பாவமன்னிப்பு வாசகம் 1973ல திருத்தினது, அது இரக்கமுள்ள தந்தையாகிய கடவுள்ல ஆரம்பிச்சு, கடவுள் உனக்கு மன்னிப்பும் சமாதானமும் தரட்டும்னு வந்து, அப்புறம்தான் "நான் மன்னிக்கிறேன்" வருது. அப்பா அதிர்ச்சி ஆவார், ஆனா சொல்லுங்க, 1662 ஆங்கிலிக்கன் ஜெப புத்தகத்துல நோயாளியைச் சந்திக்கிற ஒழுங்குல நம்ம ஆட்களும் "அவர் எனக்குத் தந்த அதிகாரத்தால் நான் உன் பாவங்களிலிருந்து உன்னை விடுவிக்கிறேன்"னு சொல்றாங்க.

இப்போ உங்க வீட்டு நடைமுறைக்கு. நீங்க பாவசங்கீர்த்தனம் பண்ணி நன்மை வாங்கணும்னு மாமியார் ஆசையில கேக்குறாங்க, கோவப்படாதீங்க, ஆனா கத்தோலிக்கத்துல சேராத ஒருத்தருக்கு மரண ஆபத்து மாதிரியான பெரிய அவசரம் இல்லாம இதைக் கொடுக்கக் கூடாதுன்னு அவங்க சபைச் சட்டமே சொல்லுது, 1983 சட்டத்தொகுப்பு 844வது பிரிவு. வாக்குவாதம் வேண்டாம், "பங்கு சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம் அத்தை"ன்னு அவங்களையே கூட்டிட்டுப் போங்க, அவரே சொல்லிடுவார். பையன் விஷயம் அப்படி இல்ல. கல்யாணத்தப்போ பிள்ளைகளைத் தன் சபையில வளர்க்க என்னால முடிஞ்சதைச் செய்வேன்னு வீட்டுக்காரர் வாக்கு கொடுத்திருப்பார், உங்களுக்கும் அதைச் சொல்லியிருப்பாங்க. இப்போ நடு வழியில தாத்தா சொன்னாருங்கறதுக்காக நிறுத்தினா பையன் உடைஞ்சு போவான். போகட்டும். பிள்ளைகளோட பாவசங்கீர்த்தனத்தை எல்லாரும் பார்க்கிற மாதிரி திறந்த இடத்துல வைங்கன்னு நீங்க கேக்கலாம், தாயா அது உங்க உரிமை, நல்ல குரு அதைத் தப்பா எடுத்துக்க மாட்டார். அவன் என்ன சொன்னான்னு வீட்டுக்கு வந்ததும் துருவாதீங்க, ஃபாதர் வெளிய சொல்ல முடியாது, நீங்களும் கேக்க வேண்டாம்.

அவனுக்கு நான் சொல்றதா இருந்தா இப்படிச் சொல்வேன்: "தாத்தா சொல்றது சரி, நீ எப்ப வேணா இயேசப்பாகிட்ட நேரா பேசலாம், ராத்திரி போர்வைக்குள்ள படுத்துட்டே பேசலாம். அப்பாச்சி சொல்றதுலயும் சரி இருக்கு, சில சமயம் நமக்கு மன்னிப்பு கிடைச்சிருச்சான்னு சந்தேகமா இருக்கும், அப்போ ஒருத்தர் சத்தமா சொல்லிக் கேட்டா மனசு நம்பும், ஃபாதர் அதுக்காக அங்க உக்காந்திருக்கார். மன்னிக்கிறவர் இயேசப்பாதான்." ஃபாதர்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி அவன் யாரையாவது அடிச்சிருந்தா, பென்சில் பிடுங்கியிருந்தா, முதல்ல அந்தப் பிள்ளைகிட்ட போய் மன்னிப்பு கேக்கச் சொல்லுங்க. மனுஷனுக்கு மனுஷன் பண்ணின தப்பை, அவனைச் சமாதானப்படுத்துற வரைக்கும் பாவநிவிர்த்தி நாள்கூட தீர்க்காதுன்னு மிஷ்னாவுல இருக்கு, ஆலயம் போன பிறகும் யூதர்கள் விடாம பிடிச்சுட்டு இருக்கிற விஷயம் அது.

அப்பாவை அன்னைக்கு வரச்சொல்லுங்க, கோவிலுக்கு வர மனசு இல்லைன்னா சாயங்காலம் வீட்டுக்காவது வரட்டும். யூத வீடுகள்ல வெள்ளிக்கிழமை சாயங்காலம், கோஹேனா இல்லாத சாதாரண அப்பா அம்மாவும் பிள்ளை தலையில கை வச்சு அந்த வெள்ளித்தகட்டு ஆசீர்வாதத்தைத்தான் சொல்றாங்க. எண்ணாகமம் 6, 24ல இருந்து 26 வரைக்கும், மாமியார் பைபிள்ல எண்ணிக்கை நூல். தாத்தா அவர் பைபிள்ல இருந்து ஒரு தடவை வாசிக்கட்டும், அப்பாச்சி அவங்க பைபிள்ல இருந்து ஒரு தடவை, ரெண்டு பேர் கையும் பையன் தலையில இருக்கட்டும். போட்டோ எடுத்தா எனக்கும் அனுப்புங்கம்மா.